வரேன்னு சொல்லிட்டான்

சிக்னலக்கா போனில் திட்ட ஆரம்பித்தால், அந்தப் பக்கம் இருப்பவர் எழுந்து நின்றுவிடுவார் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு. கொஞ்சம் மிகைதான். ஆனால் முழுப் பொய்யும் இல்லை. ஒரு ஆள் நிஜமாகவே எழுந்து நின்று, தலை மேலே இருந்த அலமாரியில் இடித்துக்கொண்ட சத்தம் போனிலேயே கேட்டிருக்கிறது.

அவள் வேலை பார்ப்பது ஆபத்து சிக்னல் பிடிக்கும் அலுவலகத்தில். துறைமுகத்துக்குப் பின்னால், மூன்றாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. ஆறு மேஜை, ஆறு திரை, ஒரு சுவர் முழுக்க வரைபடம், ஜன்னலோரம் எப்போது பார்த்தாலும் கொதித்துக்கொண்டிருக்கும் ஒரு தண்ணீர்க் கெட்டில். கடலில் படகு கவிழ்ந்தாலோ, குட்டி விமானம் எங்காவது விழுந்தாலோ, அதில் இருக்கும் கருவி வானத்தைப் பார்த்துக் கத்தும். மேலே சுற்றும் செயற்கைக்கோள் அந்தக் கத்தலை வாங்கி இங்கே கொண்டுவந்து போடும். யார், என்ன, எங்கே என்று கண்டுபிடித்து ஆள் அனுப்புவது இவர்கள் வேலை. பதினோரு வருஷமாக அவள் இதைத்தான் செய்கிறாள். உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. மற்றபடி பெரிய அதிகாரியிலிருந்து தரை துடைக்க வருபவர் வரை எல்லாருக்கும் சிக்னலக்காதான்.

படகுக்காரர்களோடும் விமானக்காரர்களோடும் அவளுக்கு ஒரு சண்டையும் இல்லை. சண்டையெல்லாம் வாட்ச்காரர்களோடுதான். கைக்கடிகாரத்துக்குள்ளேயே ஆபத்துக் கருவியை வைத்து விற்க ஆரம்பித்தார்களே, அன்று பிடித்தது சனியன். கடிகாரத்தின் ஓரத்தில் கட்டை விரல் நுனி அளவுக்கு ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருகி இழுத்தால் மெல்லிய கம்பி ஒன்று முழ நீளத்துக்கு வெளியே வரும். வந்த நொடியே சிக்னல் கிளம்பிவிடும். ஒரு தடவை இழுத்தால் இழுத்ததுதான். திரும்ப உள்ளே தள்ள முடியாது. பேட்டரி தீரும்வரை ஒரு முழு நாள் கத்திக்கொண்டே இருக்கும். கம்பெனிக்கு அனுப்பித்தான் கம்பியைச் சுருட்ட வேண்டும்.

இதையெல்லாம் படித்துப் பார்த்துவிட்டுக் கட்டுகிற புண்ணியவான்கள் எத்தனை பேர்? மச்சானிடம் பந்தா காட்ட இழுத்தவன் இருக்கிறான். மணி திருத்துகிறேன் என்று இழுத்தவன் இருக்கிறான். சட்டைப் பையில் வைத்து சலவை இயந்திரத்தில் போட்டு, அது உள்ளே சுற்றிச் சுற்றி உயிர் பிச்சை கேட்ட கதையும் உண்டு. ஒருவர், "மேடம், ஹெலிகாப்டர் வருமா? வந்தா குழந்தைங்களைக் கூட்டிட்டு மொட்டை மாடிக்குப் போறேன்" என்று கேட்டார். அவருக்கு விழுந்த திட்டு இன்றைக்கும் அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்குச் சொல்லப்படுகிறது. நூறு வாட்ச் கத்தினால் தொண்ணூற்றெட்டு இந்த ரகம்.

அதனால் ஒரு முறை வைத்திருந்தார்கள். வாட்ச் கத்தினால் முதலில் வாட்ச்காரருக்குப் போன். அவர் எடுக்காவிட்டால் பதிவில் இருக்கும் வீட்டு எண்ணுக்குப் போன். ஆள் பத்திரம் என்று வீட்டார் சொன்னால் ஃபைலை மூடி, திரையில் அந்த சிக்னலின் வாயை அடைத்துவிடுவது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் தூங்க வைப்பது. "ரெண்டைத் தூங்க வச்சாச்சு, இன்னும் ஒண்ணு முழிச்சிட்டிருக்கு" என்று அவள் சொன்னால், தெரியாதவர்கள் பிள்ளை வளர்க்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

திட்டினாலும் கத்தினாலும் அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். தொண்ணூற்றெட்டு பேர் சும்மா இழுத்தார்கள் என்றால், தொண்ணூற்றெட்டு பேர் நன்றாக இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் திட்டுக்கு மரியாதை போய்விடும்.

அன்று மதியம் ஒன்று இருபதுக்கு ஒரு வாட்ச் கத்தியது. முதலில் எண் மட்டும் வரும். இடம் தெரியக் கொஞ்ச நேரம் ஆகும். எண்ணைத் தட்டினாள். வாட்ச்காரர் டவர் மெக்கானிக், வயது முப்பத்து நான்கு. அவர் போன் எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது. வீட்டு எண், அப்பாவுடையது. பக்கத்தில் சிவப்பில் ஒரு குறிப்பு: முன்பு ஒருமுறை தவறுதலாக இழுக்கப்பட்டது, இழுத்தவர் தந்தை.

"அட, நம்ம கண்டக்டர் ஐயாவா!" என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால், மகனுக்கு வந்த புது வாட்சுக்குச் சாவி கொடுக்கிறேன் என்று கம்பியை உருவியவர் அவர். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அன்று அவள் அவரை வாங்கு வாங்கென்று வாங்கியதில், அவர் கடைசியில் "டிக்கெட் எடுக்காதவனைக்கூட நான் இப்படிப் பேசினது இல்லம்மா" என்று பரிதாபமாகச் சொன்னார்.

போன் இரண்டாவது மணியிலேயே எடுக்கப்பட்டது.

"ஐயா, வணக்கம். ஆபத்து சிக்னல் ஆபீஸ்லேர்ந்து பேசறேன்."

"ஐயய்யோ, நான் தொடலம்மா! சத்தியமா தொடல. அந்தப் பக்கமே போறதில்லை."

"சரி சரி, பயப்படாதீங்க. மகன் எங்க இருக்கார்?"

"வரேன்னு சொல்லிட்டாம்மா."

"எப்போ சொன்னார்?"

"இப்பதான்."

"நல்லாதானே இருக்கார்?"

"அவனுக்கென்ன, ஜம்முனு இருக்கான். கிண்டலுக்குக் குறைச்சலே இல்லை."

"வாட்ச் எங்க?"

"கையிலதான். நான் தொட்டுடுவேன்னு கழட்டறதே இல்லம்மா."

"அப்போ இந்தத் தடவை உங்க மகனே இழுத்திருக்கார். வந்ததும் சொல்லுங்க, அது விளையாட்டுச் சாமான் இல்லைன்னு."

"வரட்டும். அன்னைக்கு நீங்க என்னைத் திட்டினீங்களே, அதே மாதிரி திட்டட்டுமா?"

"அதுல பாதி போதும்" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். உரியவர் நலம், வீடு திரும்பிக்கொண்டிருக்கிறார், தவறுதலான சிக்னல் என்று எழுதி, ஒன்று இருபத்தேழுக்கு ஃபைலை மூடினாள். வாட்சைத் தூங்க வைத்தாள்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் மாற்றம். நெட்டையன் வந்தான். வாசற்படியில் குனிந்து வரும் அளவுக்கு உயரம், அவள் மேஜைக்கு அடுத்த ஷிப்ட்காரன். அவள் கணக்கு ஒப்பித்தாள்: ஒரு மீன்பிடிப் படகு, சோதனைக்காக இழுத்தது. மூன்று வாட்ச், மூன்றும் தூங்குகிறது.

"அதுல ஒண்ணு நம்ம கண்டக்டர் ஐயா வீட்டு வாட்ச்" என்றாள்.

"மறுபடியுமாக்கா? அவரை விட மாட்டீங்களா?"

"இந்தத் தடவை பிள்ளை. குடும்பமே அப்படித்தான் போல." குடையை எடுத்தாள், பையை மாட்டினாள், கெட்டிலை ஒரு முறை முறைத்துவிட்டு, "சரிடா, வரேன்" என்றாள்.

"வாங்கக்கா."

லிஃப்ட் ஓடவில்லை. வழக்கம்போல் அதையும் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் படியில் இறங்கினாள். ஏழெட்டுப் படி இறங்கியிருப்பாள். மேலே அதிகாரியின் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பழைய கப்பல்காரர் அவர். சாதாரணமாகப் பேசினாலே தளம் முழுக்கக் கேட்கும்.

"அக்கா எங்கப்பா?"

நெட்டையன் சொன்னான்: "இப்பதான் வரேன்னு சொன்னாங்க சார்."

அவள் கால் அப்படியே நின்றது. வரேன்னு சொன்னாங்க. சொன்னேன்தான். சொல்லிவிட்டு எங்கே வந்துகொண்டிருக்கிறேன்? போய்க்கொண்டல்லவா இருக்கிறேன்?

குடையைப் படியிலேயே போட்டுவிட்டு ஏறினாள். மூட்டு வலி என்று நாலு மாதமாக மருந்து தடவுகிற பெண்மணி, இரண்டிரண்டு படியாக ஏறினாள். நெட்டையனை நாற்காலியோடு ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் போனை எடுத்தாள்.

"ஐயா, மறுபடி நான்தான். உங்க மகன் வரேன்னு சொன்னார்ன்னீங்களே, போன்ல சொன்னாரா?"

"போன்லயா? இல்லம்மா, நேர்லதான். வாசல்ல நின்னு."

"கிளம்பும்போதா?"

"கிளம்பும்போதுதான். கிளம்பும்போது போறேன்னா சொல்லுவாங்க யாராச்சும்?"

"எப்போங்கய்யா கிளம்பினார்?"

"ஏழரைக்கு."

"இப்பதான்னு சொன்னீங்களே!"

"இப்பதானேம்மா ஏழரை ஆச்சு? எனக்கு ஒண்ணும் வேலை கிடையாது, நேரம் போறதே தெரியறதில்லை." அவர் குரலில் அப்போதுதான் ஏதோ தட்டியது. "ஏம்மா? ஏன் கேக்கறீங்க?"

"எங்க போனார்?"

"மலைமேல ஒரு டவர் செத்துப்போச்சாம். மூணு நாளா அந்தப் பக்கம் யாருக்கும் போன் இல்லையாம். அதைப் பார்க்கத்தான் போயிருக்கான், தனியா."

அதுதான் விஷயம். டவர் செத்துப்போனதால்தான் அவன் அங்கே போனான். டவர் செத்துப்போனதால்தான் அவன் போன் எடுக்கவில்லை. கூப்பிட வாட்ச் ஒன்றைத் தவிர அவனுக்கு வேறு வழியே இல்லை. அந்த வாட்சை இவள் தூங்க வைத்துவிட்டாள்.

அவள் பேசிக்கொண்டே மறு கையால் சிக்னலை எழுப்பினாள். திரையில் இடம் வந்து நின்றது. தார்ச்சாலையிலிருந்து பதினோரு கிலோமீட்டர் உள்ளே, இரண்டு மலைச்சரிவுக்கு நடுவில், ஓர் ஓடையின் மேலேயே சிவப்புப் புள்ளி. இடம் கிடைத்த நேரம் ஒன்று நாற்பத்து நான்கு. பத்தொன்பது நிமிடமாக அது இடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை. கப்பல்காரர் அவள் தோளுக்கு மேலிருந்து ஒரே ஒரு தடவை பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த போனை எடுத்து ஹெலிகாப்டரைக் கிளப்பினார். "மலைல மழை பெய்யுது, ஓடை ஏறும். சீக்கிரம்" என்று அவர் சொன்னது, கண்டக்டர் ஐயாவுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று அவள் போனைப் பொத்தினாள்.

"அம்மா..." என்றார் அவர். குரல் வேறு ஆளுடையதாக இருந்தது. "அந்த வாட்ச் நிஜமாத்தான் கத்துச்சா?"

"ஆமாங்கய்யா."

"நான் நல்லா இருக்கான்னு சொல்லிட்டேனேம்மா. நீங்க கேட்டதுக்கு, ஜம்முனு இருக்கான்னு நான்தானே சொன்னேன்! மறுபடி திட்டுவீங்களோன்னு பயந்து, எல்லாம் சரியா இருக்குன்னு வேகவேகமா சொல்லிட்டேன். என் வாயாலேயே என் பிள்ளைக்கு..."

திட்டினது யார்? பயமுறுத்தினது யார்? ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறதே என்று யோசிக்காமல் சிரித்துக்கொண்டே போனை வைத்தது யார்? அவர் மூச்சு வாங்குவது கேட்டது. அந்த வீட்டில் மகனையும் அவரையும் தவிர வேறு ஆள் இல்லை என்பது பதிவிலேயே இருந்தது.

"ஐயா, இங்க பாருங்க. உங்ககிட்ட பேசி முடிச்சதுமே ஆளை அனுப்பிட்டோம். நீங்க என்ன சொன்னாலும் நாங்க அனுப்பத்தான் செய்வோம், அதான் எங்க முறை. இது சும்மா, பதிவுக்காக ரெண்டாவது தடவை கேக்கறது."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். அப்பவே கிளம்பியாச்சு."

நெட்டையன் அவளைப் பார்த்தான். அவள் அவனை முறைத்தாள். அவன் வரைபடத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவள் உட்காரவே இல்லை. ஜன்னலுக்கும் திரைக்கும் நடந்தாள். மூடின ஃபைலில் இருந்த ஒன்று இருபத்தேழை எத்தனை தடவை பார்த்தாளோ. இரண்டு மணி மூன்று நிமிடத்துக்கு எழுப்பியது. நடுவில் முப்பத்தாறு நிமிடம். ஓடையில் தண்ணீர் ஏற முப்பத்தாறு நிமிடம் தாராளமாகப் போதும். "கடவுளே, கடவுளே" என்று அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கெட்டில் கொதித்து அணைந்தது. யாரும் தேநீர் போடவில்லை.

மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு ரேடியோவில் குரல் வந்தது. ஆள் கிடைத்தார். ஒற்றையடிப் பாதையிலிருந்து சறுக்கி ஓடையில் விழுந்திருக்கிறார். கால் இரண்டு பாறைக்கு நடுவில் மாட்டி முறிந்திருக்கிறது. தண்ணீர் மார்பளவு. உயிரோடு இருக்கிறார், பேசுகிறார்.

சிக்னலக்கா நெட்டையனின் நாற்காலியில் தொப்பென்று விழுந்து ஓவென்று அழுதாள். அழுகைக்கு நடுவிலேயே, "என்னடா வேடிக்கை பார்க்கறே, தண்ணி கொண்டா" என்று அவனைப் பார்த்துக் கத்தினாள். அப்போதுதான் அறையில் எல்லாருக்கும் மூச்சு வந்தது. கண்டக்டர் ஐயாவுக்குப் போன் செய்து சொன்னதும் அவளேதான். அவர், "ரொம்ப நல்லதும்மா, ரொம்ப நல்லது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அறிக்கையில் அவள் ஒளிக்கவில்லை. தந்தை சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஃபைலை மூடியது என் தவறு, முப்பத்தாறு நிமிடம் வீண் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கப்பல்காரர் எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்தார். வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். மறுநாள், வீட்டாரிடம் போனில் கேட்க வேண்டிய கேள்விகள் எழுதிய தாளில், ஆள் எங்கே என்ற கேள்வியை அடித்துவிட்டு, இந்த நிமிடம் அவரை உங்கள் கண்ணால் பார்க்கிறீர்களா என்று மாற்றினார்கள். அன்றிலிருந்து போனில் அவள் குரல் ஒரு சுற்று இறங்கியது. வாட்ச்காரர்கள் சிலர் நிம்மதியடைந்தார்கள். நெட்டையனுக்குத்தான் பொழுது போகவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் அவள் மேஜைப் போன் அடித்தது.

"மேடம், நான் டவர் மெக்கானிக் பேசறேன். ஓடையில கிடந்தேனே. இப்போ வீட்டுக்கு வந்தாச்சு, கால்ல கட்டோட."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். நெட்டையன் இருந்திருந்தால் பார்த்து ரசித்திருப்பான்.

"மேடம் எல்லாம் வேண்டாம்ப்பா, அக்கான்னே கூப்பிடுங்க. எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்க்கா. நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். அப்பா எல்லாம் சொன்னார். அவர்கிட்ட பேசினதுமே ஹெலிகாப்டரை அனுப்பிட்டீங்களாமே."

பத்து நாளாக அவள் தொண்டையில் நின்றது அதுதான். இவனிடமாவது சொல்லாவிட்டால் சோறு இறங்காது.

"இல்லப்பா" என்றாள். "அனுப்பல. அது நான் உங்கப்பாகிட்ட சொன்ன பொய். நான் ஃபைலை மூடிட்டு வீட்டுக்குக் கிளம்பிட்டேன். முப்பத்தாறு நிமிஷம் உங்களைத் தேடி யாருமே வரல. என்னாலதான்."

அவன் குரலைத் தணித்துக்கொண்டு பேசினான்.

"தெரியும்க்கா."

"தெரியுமா? யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. கையில கட்டியிருந்தது வாட்ச்தானே? பாறை நடுவுல மாட்டிக்கிட்டுக் கிடக்கறவனுக்கு வேற என்ன வேலை, அதைத்தான் பார்த்துட்டிருந்தேன். ஒண்ணு பதினெட்டுக்கு இழுத்தேன். அந்த மலைக்கு ஹெலிகாப்டர் ஒரு மணி நேரத்துல வந்துடும்னு வருஷா வருஷம் எங்களுக்குப் பாடம் எடுக்கறாங்க. எனக்கு நூத்தி ஏழு நிமிஷம் ஆச்சு. ரெண்டரைக்குத் தண்ணி இடுப்புக்கு வந்தப்போ, சரி, யாரும் வரலைன்னு முடிவே பண்ணிட்டேன்."

"மன்னிச்சிடுப்பா" என்று சொன்னது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கோபம் இருந்துச்சுக்கா, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில நாலு நாள் யார்கிட்டயும் பேசல. ஆனா அப்பாவைப் பார்க்கணுமே நீங்க. பார்க்க வர்றவங்க எல்லார்கிட்டயும், பக்கத்துக் கட்டில்காரர்கிட்டகூட, 'நான் இந்தப் பக்கம் போனை வச்சேன், அந்தப் பக்கம் ஹெலிகாப்டர் கிளம்பிடுச்சு'ன்னு ஒரே பெருமை. பாதி மீட்பு அவரே பண்ணின மாதிரி. அவர் சொன்ன வார்த்தையாலதான் நேரமாச்சுன்னு தெரிஞ்சா, மனுஷன் உடைஞ்சு போயிடுவார். அதனால நீங்க சொன்னது அப்படியே இருக்கட்டும்க்கா. நான் கேக்கறது அது ஒண்ணுதான்."

அவள் பதில் சொல்வதற்குள் பின்னால், "யாருடா, சிக்னல் அம்மாவா? கொடு, கொடு" என்று குரல் கேட்டது. போன் கை மாறியது.

"அம்மா! நல்லா இருக்கீங்களா? நன்றி எப்படிச் சொல்றதுன்னே தெரியலம்மா. வேற யாரா இருந்தாலும் கிழவன் ஏதோ உளர்றான்னு விட்டிருப்பாங்க. நீங்க அந்த நிமிஷமே கிளப்பிட்டீங்கல்ல?"

தனக்குச் சேராத நல்ல பேரை அவள் ஜென்மத்தில் வாங்கினதில்லை. அடுத்தவள் போட்ட தேநீரை யாராவது பாராட்டினால்கூட, நான் போடவில்லை என்று வெடுக்கென்று சொல்லிவிடுகிற ரகம். இந்தப் பேர் வேண்டாம் என்று சொல்ல வாய் துடித்தது. அந்தப் பக்கம் கட்டுப்போட்ட காலோடு ஒருவன் அவள் பதிலுக்காகக் காத்திருக்கிறான் என்பதும் தெரிந்தது.

"ஆமாங்கய்யா" என்றாள். "அந்த நிமிஷமே."

"பார்த்தியாடா, நான் சொல்லல?" என்று அவர் மகனிடம் சொல்வது கேட்டது. அவன் சிரித்தான். "சொன்னீங்கப்பா, சொன்னீங்க" என்றான்.